பிசிறு எழும் வரை

மழுங்கிய செதுக்குக் கத்தி ஒன்றை எடுத்து, வாய் மேலே பார்க்கும்படி பிடித்து, டியூப்லைட்டுக்கு அடியில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஒரு சாய்வில் வாய் நெடுக வெள்ளைக் கோடு ஒன்று பளிச்சிடும். சில இடங்களில் தடித்திருக்கும். சில இடங்களில் வெறும் புள்ளியாக மின்னும். மழுங்கல் என்று நாம் சொல்வது அந்த வெளிச்சத்தைத்தான். கூரான கத்தியில் அது தெரியாது. வெளிச்சம் பட்டுத் திரும்ப ஒரு பரப்பு வேண்டும்; இரண்டு சரிவுகள் சரியாகச் சந்திக்கிற இடத்தில் பரப்பென்று ஒன்றும் மிச்சமிருக்காது. சந்திப்பு உருண்டுபோயிருந்தால், அந்த உருட்டு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் விளக்கைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்லில் தீட்டுவது என்றால் இந்தக் கோட்டை அழிப்பது. கல் கத்திக்குள் எதையும் ஏற்றுவதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்க மட்டுமே அதற்குத் தெரியும். இரு பக்கமும் சுரண்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உருட்டுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. அந்தக் கட்டம் வந்துவிட்டதா என்று கண்டுகொள்வதில்தான் முக்கால்வாசி வித்தை. எந்தக் கல், எத்தனை நம்பர், எண்ணெயா தண்ணீரா என்பதெல்லாம் மீதிக் கால்வாசி. தீட்டுவதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லோரும் அந்தக் கால்வாசியைத்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அளவுகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் கனம் ஆளுக்கு ஆள் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். நல்ல சவரப் பிளேடின் வாய் உருட்டோ ஒரு மைக்ரானுக்கும் உள்ளே. மரம் என்பது நீளமான நுண்குழாய்களின் கட்டு. ஒரு குழாயின் அகலம் சுமாராக 20 முதல் 40 மைக்ரான், அதன் சுவர் சில மைக்ரான்தான். அந்தச் சுவரைவிட மெலிந்த வாய் குழாயை அறுக்கும். தடித்த வாய் அதை நசுக்கி, மடக்கி, கடைசியில் கிழிக்கும். மழுங்கிய உளி ஓடிய இடம் மங்கலாகவும் நார் நாராகவும் இருப்பது இதனால்தான்: நசுங்கிய சுவர்கள் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கின்றன. கூரான உளி ஓடிய இடம் மெருகு போடாமலேயே பளபளக்கும்.

சமையலறைக் கத்தியைத் தீட்டிப் பழகியவர்கள் மரக் கத்தியில் தடுமாறுவதற்கும் காரணம் உண்டு. தக்காளியை நாம் இழுத்து அரிகிறோம். வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் கொஞ்சம் இருந்தால் தோலைப் பிடிக்க அது உதவக்கூடச் செய்யும். செதுக்கும்போது பெரும்பாலும் வாயை நேராகத் தள்ளுகிறோம். அதில் இருக்கும் ஒவ்வொரு பல்லும் மரத்தில் ஒரு கீறலாகப் பதியும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் மாமரத்திலும் செதுக்கும் அது போன்ற ஒரு சிலையின் கன்னத்தில் உளி கடைசியாக ஓடிய தடம் சுத்தமாக நிற்க வேண்டுமென்றால், வாயில் எங்கும் பல் இருக்கக் கூடாது; ஒரே ஒரு இடத்தில் பல் விழுந்திருந்தாலும் போதும், ஒவ்வொரு ஓட்டத்திலும் கன்னத்தில் வெள்ளைக் கீற்று விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் முக்கியம். செதுக்கும்போது கத்தியின் சரிவு மரத்தின் மேல் படிந்துகொண்டு ஓடுகிறது. எவ்வளவு ஆழம் போவது, எப்போது வெளியே வருவது என்பதை அந்தச் சரிவுதான் கைக்குச் சொல்கிறது. சரிவு தட்டையாக இருந்தால் கத்தி சொன்னபடி கேட்கும். உருண்டிருந்தால், வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், கத்தியைத் தூக்கிப் பிடித்தால்தான் கடிக்கும். கடித்த பிறகு எங்கே போகும் என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஸ்வீடனில் மோரா வட்டாரத்துச் செதுக்குக் கத்திகளுக்கு உலகமெங்கும் பெயர் இருப்பதற்கு அவற்றின் அகலமான தட்டைச் சரிவு ஒரு காரணம்.

மரத்தைவிட இரும்பு எத்தனையோ மடங்கு கடினம். அப்படியிருந்தும் மரம் அதை எப்படி மழுக்குகிறது? இதற்கு நெருக்கமான ஒரு கேள்விக்கு 2020-இல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான்லூக்கா ரொஷோலியும் ஜெம் தாசனும் அவர்கள் குழுவினரும் சவரப் பிளேடு ஏன் மழுங்குகிறது என்று ஆராய்ந்து சயன்ஸ் இதழில் எழுதினார்கள். ரொஷோலி முதலில் தன் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வாய் சீராக உருண்டு தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்திருந்தது. முடி அந்த இரும்பைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. வளைந்து சாய்ந்த முடி வாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது, இரும்பின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடமாகப் பார்த்து விரிசல் விட்டுப் பெயர்கிறது.

மரச் செதுக்கலை அவர்கள் ஆராயவில்லை. ஆனாலும் அனுபவசாலிகள் எதைச் செய்யாதே என்று அதட்டுகிறார்களோ அதற்கும் இதற்கும் பொருத்தம் இருக்கிறது: வெட்டு முடிவதற்கு முன்பே கத்தியை முறுக்கிச் சில்லை நெம்பாதே என்பார்கள். மெலிந்த வாய் நேர் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. போதாக்குறைக்குத் தேக்கு மாதிரி மரங்களின் உடம்பிலேயே சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. தேக்கில் வேலை செய்கிற தச்சர் அடிக்கடி கல்லுக்கு ஓடுவது அந்த மண்ணுக்காகத்தான்.

கல்லுக்கு வருவோம். எல்லாக் கல்லும் இரும்பைத் தீட்டிவிடாது. கல்லில் இருக்கும் துகள் இரும்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் பதம் ஏறிய இரும்பு சுமார் 6.5-லிருந்து 7-க்குள் நிற்கும். குவார்ட்ஸ் 7. கிராமத்தில் கருங்கல் படியிலும் துவைக்கிற கல்லிலும் அரிவாளைத் தேய்த்துக் கூராக்க முடிவதற்குக் கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ்தான் காரணம்; மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். அமெரிக்காவின் அர்க்கன்சா கல் முழுக்க முழுக்க நுண்ணிய குவார்ட்ஸ். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் கோட்டிக்கூல் என்ற மஞ்சள் கல்லில் வேலை செய்வது கார்னெட் மணிகள். இவையெல்லாம் பூமி செய்து கொடுத்த கற்கள்.

மனிதன் செய்த கல்லின் கதை 1891-இல் தொடங்குகிறது. பென்சில்வேனியாவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் ஆசையில் களிமண்ணையும் கல்கரித் தூளையும் ஓர் இரும்புச் சட்டியில் போட்டு மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினார். வைரம் வரவில்லை. மின்முனையில் ஒட்டியிருந்த சில மினுங்கும் படிகங்கள் கண்ணாடியைக் கீறின. அதுதான் சிலிக்கான் கார்பைடு. மோஸ் அளவில் 9-க்கு மேல். அவர் அதற்கு வைத்த கார்போரண்டம் என்ற பெயர் நம் ஹார்டுவேர் கடைகளில் இன்றும் புழங்குகிறது. 1954-இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தோடும் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. பட்டறையில் கிடக்கும் கறுப்புச் சாணைக்கல் பெரும்பாலும் இந்தச் சிலிக்கான் கார்பைடுதான். அதன் துகள் உடையும்போதெல்லாம் புதிய கூர் விளிம்போடு உடையும். அதனால் வேகமாகச் சுரண்டும். அதே காரணத்தால் கல்லும் சீக்கிரம் குழிந்துபோகும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும் கற்களில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, மோஸ் 9.

நம்பர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய முறையில் 1000 நம்பர் கல்லின் துகள் சுமார் 14 மைக்ரான். 6000 என்றால் சுமார் 2 மைக்ரான். ஐரோப்பிய ‘பி’ முறையில் வரும் உப்புத்தாள், வாட்டர் பேப்பர் கணக்கு வேறு. அதில் 2000 என்பது ஏறத்தாழ 10 மைக்ரான், அதாவது ஜப்பானிய 1000-க்குப் பக்கத்து வீடு. கடையில் ‘ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைஸ்’ என்று தருகிற இருமுகக் கல்லின் நைஸ் பக்கம் அரிவாளுக்கு நைஸ். மரச் சிற்ப உளிக்கு அது இன்னும் கரடுதான். பல் விழுந்த வாயைச் சரிசெய்ய அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விலை உயர்ந்த கல் இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டினால் அதுவே நல்ல கல். வாட்டர் பேப்பரில் இருப்பதும் சிலிக்கான் கார்பைடுதான். இன்றைய ஜன்னல் கண்ணாடியை, பிரிட்டனில் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்த முறைப்படி, உருக்கிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். அதனால் இந்த வேலைக்கு வேண்டிய தட்டைத்தன்மை அதில் இலவசமாகவே வந்துவிடுகிறது. ஒரே ஒரு கட்டுப்பாடு: தாளின் மேல் கத்தியை முதுகுப் பக்கமாக இழுக்க வேண்டும். வாய்ப் பக்கமாகத் தள்ளினால் தாள் கிழியும்.

கல் தட்டையாக இருப்பது ஏன் அவ்வளவு அவசியம்? குழிந்த கல்லில் தட்டையான சரிவு வராது. கல்லின் குழி கத்தியில் உருட்டாக மாறும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் தட்டையாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஒன்று குழிந்தும் மற்றது அதே அளவு மேடாகியும் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டு உங்களை ஏமாற்றலாம். மூன்று கற்களை மாற்றி மாற்றித் தேய்த்தால்தான் ஏமாற்ற வழியிருக்காது: மூன்றில் எந்த இரண்டும் பொருந்த வேண்டுமென்றால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840-இல் விளக்கிய உலோகத் தட்டு முறையின் அடிப்படையும் இதுதான். வீட்டில் மூன்று கல்லுக்கு எங்கே போவது என்பவர்கள், கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய கரட்டு வாட்டர் பேப்பரில் எல்லாக் கோடும் அழியும் வரை தேய்க்கலாம். நடுவில் கோடு மிச்சமிருந்தால் அங்கே குழி.

தண்ணீரும் எண்ணெயும் எதற்கு என்று கேட்டால் ‘சூடு ஏறாமல் இருக்க’ என்பார்கள். கையால் தேய்ப்பதில் பயப்படும்படியான சூடு வருவதில்லை. பெயர்ந்த இரும்புத் தூளைக் கல்லின் துளைகளில் அடைத்துக்கொள்ளவிடாமல் மிதக்கவைத்து வெளியேற்றுவதுதான் அவற்றின் வேலை. சூடு பற்றிய பயம் மோட்டார் சாணைக்கு உரியது. ஊர்க் கொல்லுப் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையையோ தேய்ந்த அரத்தையோ அடித்து உளியாக்கி, செந்தணலாகக் காய்ச்சித் தோய்க்கும்போது, கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அடுக்குக்குள் சிக்கிக்கொள்கின்றன. கடினம் அதிலிருந்து வருகிறது. பிறகு இதமாகச் சூடுகாட்டி, உடையாத பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மோட்டார் சாணையில் மெலிந்த வாயை ஒரு நொடி அதிகம் வைத்தால், சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு நீலம் பூக்கும். அந்த நீலம் மேலே படர்ந்த மெல்லிய ஆக்சைடு படலத்தின் நிறம், தேய்த்தால் போய்விடும். அடியில் இரும்பு இழந்த பதம் திரும்பாது. கொல்லர் கொடுத்த பதத்தை அழிக்க அந்த ஒரு நொடி போதும்.

இனி கையில் கத்தியை எடுப்போம். 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள அலகு, இரு சரிவும் சேர்ந்து 24 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரிவும் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் அகலம் வரும். அந்தச் சரிவைக் கல்லில் வைத்து, இடது கை விரல் நுனிகளால் நேராகச் சரிவுக்கு மேலேயே அழுத்துங்கள். பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு கோணத்தைக் காக்க முயல வேண்டாம். கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 6 மில்லிமீட்டர் சரிவின் பின் விளிம்பு 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு முடிக் கனம், கல்லைவிட்டு எழும்பினாலே கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி மாறிவிடும். அவ்வளவு நுணுக்கம் மணிக்கட்டுக்கு வராது. கல்லோடு படிந்த சரிவுக்கு வரும்.

தொடங்குவதற்கு முன் சரிவு முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். பின் விளிம்பில் மட்டும் மை போயிருந்தால் வாயைக் கல் இன்னும் தொடவில்லை. வாய் ஓரத்தில் மட்டும் போயிருந்தால் கத்தியைத் தூக்கிவிட்டீர்கள். முனைப் பக்கம் அலகு வளைகிற இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்தாவிட்டால் மை அப்படியே நிற்கும். பெரும்பாலான கத்திகளில் முனை மட்டும் மழுங்கலாகவே இருப்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது ஆசை காட்டும் இடம் வருகிறது. வாய் 50 மைக்ரான் அளவுக்குப் பின்வாங்கியிருக்கிறது என்று கொள்வோம். தட்டையாகவே தேய்த்து அதைச் சரிசெய்ய ஒவ்வொரு சரிவிலும் சுமார் 10 மைக்ரான் கனத்துக்கு, 6 மில்லிமீட்டர் அகலம் முழுவதும் இரும்பை எடுக்க வேண்டும். கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் வாயோரத்து இரும்பை மட்டும் எடுத்தால் போதும், அரை நிமிடத்தில் கூர் வந்துவிடும். சமையலறைக் கத்திக்கு இது குற்றமே இல்லை. செதுக்குக் கத்தியில் இப்படிச் செய்யச் செய்ய ஒவ்வொரு முறையும் கோணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். சில மாதங்களில் சவரம் செய்யும் அளவுக்குக் கூராகவும், மரத்தில் ஏறாமலும் ஒரு விசித்திரக் கத்தி மிஞ்சும். அந்தப் பொறுமையான 10 மைக்ரானைக் கொடுத்துவிடுவதுதான் லாபம்.

எப்போது நிறுத்துவது? ஒரு பக்கத்துச் சரிவு மறு பக்கத்துச் சரிவைத் தொட்ட உடனே, வாயோரத்து இரும்பு தாளைவிட மெலிந்துவிடுகிறது. கல்லின் அழுத்தத்துக்கு நிற்க முடியாமல் அது எதிர்ப் பக்கம் மடிகிறது. அதுதான் பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி வழுக்கிவிடுங்கள். வாய் நெடுக்காக விரலை ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிசிறு இருந்தால் தோல் மெல்லத் தடுக்கும். பஞ்சை அதே திசையில் இழுத்தால் இழை சிக்கும். பிடி ஓரத்திலிருந்து முனை வரை, விடாமல், பிசிறு தட்டுப்பட வேண்டும். ஒரு விரற்கடை இடத்தில் தட்டுப்படவில்லை என்றால் அங்கே வெள்ளைக் கோடு இன்னும் உயிரோடு இருக்கிறது.

‘எத்தனை முறை தேய்க்க வேண்டும்’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது என்பது இதனால்தான். பக்கத்துக்கு இருபது என்று எழுதிவைப்பவர்களை நம்பாதீர்கள். கத்தி எவ்வளவு மழுங்கியிருந்தது, கல் எவ்வளவு கரடு, இரும்பு எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பிசிறு ஒன்றுதான் விடை சொல்லும். பிசிறு எழுவதற்கு முன்பே 1000-ஐ விட்டு 6000-க்குத் தாவினால் கிடைப்பது முகம் பார்க்கிற பளபளப்போடு ஒரு மழுங்கிய கத்தி. வாங்கிய கல்லைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்கியவர்கள்.

எழுப்பிய பிசிறை ஒழிப்பது அடுத்த வேலை. அதை வைத்துக்கொண்டே வெட்டினால் முதல் இரண்டு வெட்டு பிரமாதமாக இருக்கும். மூன்றாவதில் பிசிறு ஒடிந்து, தன்னோடு கொஞ்சம் வாயையும் பிய்த்துக்கொண்டு போகும். மறு பக்கத்தையும் அதே போலத் தேய்த்துப் பிசிறை இந்தப் பக்கம் வரவழைத்த பிறகு அழுத்தத்தைக் குறையுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, போகப் போகக் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தம் குறைந்தால் துகள் குறைவாகவே இறங்கும், புதுப் பிசிறும் சிறுத்துக்கொண்டே வரும். நைஸ் கல்லிலும் இதே கதை, ஆனால் சில இழுப்புகளில் முடியும். 1000 நம்பர் விட்ட கோடுகளை அழிப்பது மட்டும்தான் அங்கே வேலை.

நகவுளியின் வளைந்த வாய்க்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். வெளிச் சரிவைக் கல்லில் வைத்து, பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே பிடியை உருட்ட வேண்டும், வாயின் ஒரு மூலை தொடங்கி மறு மூலை வரை. உருட்டு மூலையைத் தாண்டிவிட்டால் இரு மூலைகளும் மழுங்கிப்போகும். நடுவில் அதிகம் நின்றால் வாய் அங்கே உள்வாங்கும். பிசிறு உள்பக்கம் திரும்பும். அதற்கு, கம்பி அல்லது குச்சியின் மேல் நைஸ் வாட்டர் பேப்பரைச் சுற்றி உள்ளிருந்து வெளியே இழுத்தால் போதும்.

கடைசியில் தோல் வார். நாவிதர் கடைச் சவரக்கத்திக்கு இருந்த அதே வார்தான்; ஒரு பலகையில் ஒட்டினால் இன்னும் நல்லது. மேலே பூசும் பச்சை மெழுகில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, துகள் ஒரு மைக்ரான் அளவில் அல்லது அதற்கும் கீழே. முதுகு முன்னால் போகும்படி மட்டும் இழுக்க வேண்டும். கல்லில் மிஞ்சிய பிசிறின் கடைசி நூல் இங்கேதான் உதிரும். அழுத்தினால் தோல் அமுங்கி, வாய் கடந்துபோன அடுத்த கணம் மேலெழும்பி வாயைச் சுற்றி உரசும். பாடுபட்டு ஒழித்த உருட்டை நாமே திரும்ப வைப்பதாகிவிடும்.

கூர் வந்ததா என்று முன்கை முடியை மழித்துப் பார்ப்பது பழைய வழக்கம். பிசிறுள்ள கத்தியும் மழிக்கும் என்பதால் அது நல்ல சாட்சி இல்லை. மென்மையான மாம்பலகையின் தலைப்பகுதியில், நாருக்குக் குறுக்கே, ஒரு சில்லு சீவிப் பாருங்கள். மென்மையான மரம்தான் கடினமான சோதனை. மழுங்கிய வாய்க்கு முன் அது எளிதில் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிய முகம் பளபளவென்று இருந்தால் சரி. மங்கலாகப் பொடிந்திருந்தால் பிசிறு முழுதாகப் போகவில்லை, அல்லது எழவே இல்லை. பளபளப்புக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கீற்று ஓடினால், அது வாயில் எந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது என்பதற்கு நேர் அடையாளம். கீற்றுக்கு எதிரே வாயில் மார்க்கரால் குறி வைத்துக்கொண்டு 1000 நம்பருக்குத் திரும்புங்கள்.

வேலைக்கு நடுவே அவ்வப்போது வாரில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டால் பல நாள் கல் பக்கமே போக வேண்டியிருக்காது. வாரில் இழுத்த பிறகும் மாம்பலகை மங்கலாகவே வெட்டுப்படத் தொடங்கும்போது, மறுபடி மை பூசிக் கல்லில் வைத்துப் பாருங்கள். வாயோரத்தில் மெல்லிய கோடாக மை அழியாமல் நிற்கும். தோல் உருட்டிய அகலம் அவ்வளவு. அந்தக் கோடு மறைந்து பிசிறு எழும் வரை 1000 நம்பர்தான்.